மதிய உணவின்போது காலமானார்

"மாப்பிள்ளே, ஒரே ஒரு விஷயம்தான். இந்த வீட்டுல யாரும் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது."

"சேச்சே, நான் ஏன் அத்தை சொல்லப் போறேன்?"

"உங்க மாமனாரும் இப்படித்தான் சொன்னார்."

"மாமாவா? எப்போ?"

"எங்க கல்யாணத்துக்கு முதல் நாள். அப்புறம் ஒரு நாள் மறந்துட்டார்." மாமியார் சுவரில் மாட்டியிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். "பாவம்."

இருபத்தேழு வருடங்களுக்கு முன் நடந்த இந்தப் பேச்சை அந்த மாப்பிள்ளை ஒரு வேளைச் சாப்பாட்டில்கூட மறந்ததில்லை. அதனால்தான் இன்னும் உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்ததால்தான் இன்று காலை பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஏணி மேல் நின்றுகொண்டு, மாமனாரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த மாளிகையில் எல்லோரும் அவரை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டார்கள். மாமியாரில் தொடங்கி தபால்காரர் வரை. தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை. நாட்டின் மிகப் பழைய பிரபு குடும்பங்களில் ஒன்று அது. பட்டமும் நிலமும் பெண்கள் வழியாகவே இறங்கி வந்தன. ஆண்கள் அவ்வளவு காலம் தங்கியதில்லை.

சுவரில் மூன்று பேர் இருந்தார்கள். மனைவியின் கொள்ளுத்தாத்தா ஒரு நாள் கறி வேகவில்லை என்றார். தாத்தா தட்டைத் திருப்பி அனுப்பினார். மாமனார், "எங்கம்மா வெக்கிற மாதிரி இல்லே" என்றார். மூன்று பேருக்கும் மாரடைப்பு என்று அந்தந்தக் காலத்துக் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த டாக்டர்கள் யாரும் கடைசிவரை இந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

இன்று மன்னரும் ராணியும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அவர்களுடைய இரண்டாவது மகனும் மாப்பிள்ளையின் ஒரே மகளும் மூன்று வருடங்களாக ஒருவரையொருவர் விரும்பினார்கள். இளவரசர் கடற்படையில், எங்கோ நடுக்கடலில் இருந்தார். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டால் அவர் கரையேறியதும் கல்யாணம். சுவரில் இருப்பவர்களின் கதை வெளியே வந்தால் கல்யாணம் இல்லை. மகள் நேற்று இரவிலிருந்து எட்டுப் புடவைகளை மாற்றிப் பார்த்துவிட்டாள்.

மன்னருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் படங்களைப் பார்த்து, "இவர் எப்படிப் போனார்?" என்று விசாரிப்பார். அதனால்தான் ஏணி.

"படம் வந்துடுச்சு மாப்பிள்ளை. அடியில இருக்கிற பித்தளைத் தகடு வரலை" என்றார் கீழே நின்ற தோட்டக்காரர்.

"ஸ்க்ரூவைக் கழட்டுங்க."

"துருப்பிடிச்சுப் போச்சு. இழுத்தா சுவரே கையோட வந்துடும்."

தகடுகளில் செதுக்கியவர் நேர்மையானவர். சொன்னதைச் சொன்னபடி செதுக்கியிருந்தார். எந்த வருடம் பிறந்தார், எந்த வருடம் இறந்தார், எந்த வேளையில் இறந்தார்.

"பரண்ல வேற படம் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க. பெருசா. தகடு மறையணும்."

தோட்டக்காரர் ஒரு குதிரை, ஒரு பழக்கூடை, ஒரு கப்பல் ஆகியவற்றோடு வந்தார். மூன்றும் தகடுகளுக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிட்டன. மாற்றுவதற்கு நேரமில்லை. மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அவங்கப்பா எங்க போனாலும் முதல் வாயிலயே குறை சொல்வாராம்."

"எதை?"

"சாப்பாட்டைத்தான். அரண்மனையில இதுவரைக்கும் பதினோரு சமையல்காரங்க அழுதுட்டே ஓடிட்டாங்களாம்."

ஏணி ஆடியது. தோட்டக்காரர் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை நேராகத் தொலைபேசிக்குப் போய், ஊரிலேயே பெரிய ஓட்டலில் பத்துப் பேருக்குச் சாப்பாடு சொன்னார். வெளிச் சாப்பாட்டை யார் என்ன திட்டினாலும் யாருக்கும் ஆபத்தில்லை. பின்வாசல் வழியாகக் கொண்டு வரச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு அது வந்தும் சேர்ந்தது. பன்னிரண்டே காலுக்குச் சமையலறையில் எட்டிப் பார்த்தால் பாத்திரங்கள் காலியாக இருந்தன.

"அத்தை, இதுல இருந்த சாப்பாடு?"

"வாத்துகளுக்குப் போட்டுட்டேன்" என்றார் மாமியார், கரண்டியைத் துடைத்தபடி. "சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. வெளியில வாங்கிப் போட இந்த வீட்டுப் பொம்பளைங்க என்ன செத்தா போயிட்டாங்க?"

பொம்பளைங்க யாரும் சாகவில்லை. அதுதானே பிரச்சினை.

மனைவி அவரை ஓரமாக இழுத்தாள். "ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"மன்னர் குறை சொல்வாராம்."

"அம்மா பொறுத்துக்குவாங்க."

"உங்கப்பா விஷயத்துல பொறுத்துக்கிட்டாங்களா?"

"அப்பா ரெண்டு தடவை சொன்னார்" என்றாள் மனைவி வருத்தமாக.

கார் வந்து நின்றது. மன்னர் பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த குரலுமாக இறங்கினார். அவருக்குப் பின்னால் ராணி இறங்கினார். மெலிந்த, அமைதியான பெண்மணி. வரவேற்புக்கு நன்றி சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் மன்னரே இரண்டு பேருக்குமாகச் சொல்லி முடித்துவிட்டார். "வாசல்படி உயரமா இருக்கே" என்று முதல் குறையையும் அங்கேயே சொன்னார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் மன்னர் நேராகச் சுவருக்குப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மதிய உணவின்போது காலமானார்." நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். "யாரு, இந்தக் குதிரையா?"

"ஆமா மகாராஜா. ரொம்பச் செல்லமா வளர்ந்தது. எங்ககூடவே மேஜையில..."

"மேஜையிலயா?"

"பக்கத்துல மகாராஜா."

மன்னர் பழக்கூடைக்கு நகர்ந்தார். "இரவு உணவுக்குப் பின் காலமானார். இது?"

"வரைஞ்சவர் மகாராஜா. படத்தை முடிச்சார், கையைக் கழுவினார், சாப்பிட்டார். அவ்வளவுதான்."

கப்பலுக்கு அடியில் மன்னர் சற்று அதிக நேரம் நின்றார். "சூப்பின்போது காலமானார்."

"கப்பல் கேப்டன் மகாராஜா. சூப் குடிச்சிட்டு இருக்கும்போது பெரிய அலை..."

"உங்க வீட்டுல எல்லாரும் சாப்பாட்டு நேரத்துலதான் போயிருக்காங்க போல."

"நேரம் தவறாத குடும்பம் மகாராஜா."

ராணி மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஒரு விஷயம் கேக்கணும்..."

"அதெல்லாம் அப்புறம் கேக்கலாம். பசிக்குது" என்றார் மன்னர்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாமியார் தன் கையாலேயே சூப்பைப் பரிமாறினார். மன்னர் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். மாப்பிள்ளை மூச்சு விடவில்லை. மகள் மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உப்பு பத்தலை" என்றார் மன்னர்.

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்படியா?" மாமியார் சிரித்தார். மாப்பிள்ளை இருபத்தேழு வருடங்களில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. மாமனார் கடைசியாகப் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். "அடுத்து மீன். மகாராஜாவுக்கு நானே தனியாக் கவனிச்சு எடுத்துட்டு வர்றேன்."

மாமியார் உள்ளே போனார். மாப்பிள்ளை தட்டுத் தடுமாறிப் பின்னாலேயே ஓடினார். சமையலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே எதையோ உரலில் போட்டு இடிக்கும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

"அத்தை, கதவைத் திறங்க. அவர் ஒரு தடவைதான் சொன்னார்."

"மாப்பிள்ளே, போய் உக்காருங்க. மீன் ஆறிடும்."

வேறு வழியில்லாமல் திரும்பி வந்து மன்னரிடம் குனிந்தார். "மகாராஜா, மீன் வேண்டாம். இன்னிக்கு மீன் அவ்வளவு சரியில்லை."

"மீன்னா எனக்கு உயிர்" என்றார் மன்னர்.

"அதனாலதான் சொல்றேன் மகாராஜா."

"சரியில்லைன்னா நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன், என்ன சரியில்லைன்னு."

மீன் வந்தது. எல்லோருக்கும் வெள்ளைத் தட்டு. மன்னருக்கு மட்டும் நீலக்கரை போட்ட தட்டு. அதன்மேல் ஏதோ பொடி தூவியிருந்தது. மன்னர் முள்கரண்டியை எடுத்தார்.

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மன்னர் இறந்தாலும் கல்யாணம் இல்லை, விஷயம் வெளியே வந்தாலும் கல்யாணம் இல்லை. ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. எட்டி மன்னரின் தட்டைப் பிடுங்கினார். நின்றபடியே, இரண்டு கையாலும், கடைசித் துண்டு வரை தின்று முடித்தார்.

"என்னய்யா இது?" என்றார் மன்னர்.

தொண்டை எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். சாகப் போகிறவனுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

"மகாராஜா, அது குதிரை இல்லை. என் மனைவியோட கொள்ளுத்தாத்தா. பழக்கூடை தாத்தா. கப்பல் என் மாமனார். மூணு பேரும் சாப்பாட்டைக் குறை சொன்னவங்க. இந்த வீட்டுப் பொம்பளைங்க அனுப்பி வெச்சுட்டாங்க. நீங்க தப்பிச்சீங்க. என் பொண்ணு மட்டும் ஒரு பாவமும் அறியாதவ. அவளை ஏத்துக்கணும்." மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். "உன் சமையல் எனக்கு நிஜமாவே பிடிக்கும்."

"மூணு இல்லே மாப்பிள்ளே, நாலு" என்றார் மாமியார். "உங்க மாமனாரோட தம்பியை விட்டுட்டீங்க. இங்க இடமில்லாம மாடிப்படியில மாட்டியிருக்கு."

மன்னரின் முகம் வெள்ளை மேஜைவிரிப்பின் நிறத்துக்கு வந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி, "உங்களுக்கு எப்படி இருக்கு?"

"தாகமா இருக்கு."

"அவ்வளவுதானே?"

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

"இருக்காதா பின்னே?" என்றார் மாமியார். "உப்பு பத்தலைன்னு சொன்னார். கல் உப்பை இடிச்சு ஒரு கை தூவிவிட்டேன். அதைப் போய் அள்ளி அள்ளித் தின்னா? சம்பந்தம் பேச வந்தவர். கல்யாணம் முடியற வரைக்குமாவது நான் பொறுத்துக்க மாட்டேனா?"

மாப்பிள்ளை நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தார். மனைவி ஒவ்வொன்றாக ஊற்றிக் கொடுத்தாள்.

"இத்தனை வருஷமும் பயந்துகிட்டா சாப்பிட்டீங்க?" என்று கிசுகிசுத்தாள். "எப்பவும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவீங்களே."

"அது அதிக பயத்துல."

"இப்போ பிடிக்கும்னு சொன்னது?"

"அது மட்டும் நிஜம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது.

மன்னர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "இந்தச் சம்பந்தம் வேண்டாம். இந்த வீட்டுப் பொண்ணு என் வீட்டு அடுப்படியில காலெடுத்து வைக்கக் கூடாது. டிரைவர் எங்கே?" என்று கத்திக்கொண்டே வெளியே நடந்தார். போகிற வழியில் மாடிப்படியில் மாட்டியிருந்த தம்பியைப் பார்த்திருக்க வேண்டும். மீதி தூரத்தை ஓடிக் கடந்த சத்தம் கேட்டது.

மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூட மாப்பிள்ளை தாங்கியிருப்பார். எட்டாவதாகக் கட்டிய புடவையின் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, காலியான தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என்னாலதான்மா" என்றார் அவர். "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

"நீங்க செத்துடுவீங்கன்னு நினைச்சேன்ப்பா. இது பரவாயில்லை" என்றாள் மகள். அதைக் கேட்டதும் அவர் ஐந்தாவது டம்ளர் தண்ணீரையும் எடுத்துக் குடித்தார்.

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். ராணி இன்னும் போகவில்லை. தன் தட்டில் இருந்த மீனைப் பொறுமையாக, ஒரு முள் மிச்சமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

வெளியே கார் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. "என்ன பண்றே உள்ளே? இந்த வீட்டு ஹாரன்கூடச் சரியில்லை" என்று மன்னரின் குரல் கேட்டது.

"அது உங்க காருங்க" என்று ராணி யாருக்கும் கேட்காமல் சொன்னார். எழுந்துபோய்க் கூடத்துக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டார்.

"முப்பத்தொரு வருஷமா இதை யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்மா" என்றார் ராணி. "கல்யாணத்தை என் பையன் கரையேறினதுமே வெச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் நீ மட்டும் வந்து, எங்க வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு வேளை சமைச்சுப் போட முடியுமா?"