முப்பது மேசைகளும் ஒரு சம்பந்தியும்

நேர்கோட்டின் மீது எனக்கு ஒரு பலவீனம் உண்டு. சுவரில் காலண்டர் அரை அங்குலம் சாய்ந்திருந்தால் போதும், அந்த வீட்டுக் காப்பி எனக்கு இறங்காது. (மனைவி இதை வியாதி என்கிறாள், நான் ரசனை என்கிறேன்.) இப்படிப்பட்டவன் கையில் கணினியும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, குளுவாங்கில் நடந்த என் தங்கை செல்வியின் கல்யாண விருந்தே சாட்சி.

அப்போது உலு திராமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரையும் வேலை எனக்கு. மண்டபத்தை டேப் வைத்து அளந்து, திரையில் முப்பது வட்ட மேசைகளைப் போட்டேன். அந்த மென்பொருளில் ஒரு மேசையை நகர்த்தினால், பக்கத்து மேசையோடு வரிசைக்கு வந்ததும் ஒரு பச்சைக் கோடு மின்னும். இடைவெளி சமமானால் ‘டக்’கென்று தானே ஒட்டிக்கொள்ளும். முப்பது மேசைக்கும் முப்பது ‘டக்’. முதல் சம்பளத்தன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

மண்டபப் பொறுப்பாளர் தேவி அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, நாற்காலி எங்க?”

“மேசைக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன்கா.”

“ஆளுங்க வந்து உக்காந்தா?”

“எல்லாம் மில்லிமீட்டர் சுத்தம்கா. அப்படியே போடுங்க.”

“அலமாக்!” என்று மலாயில் அலுத்துக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டே போட்டார்.

ஆளுங்க வந்தார்கள், உட்கார்ந்தார்கள். கேக் வெட்டும் நேரம் வந்தது. நடு மேசையில் இருந்த மாப்பிள்ளையின் அப்பாவை (சாஆ என்ற ஊர்க்காரர், நல்ல வாட்டசாட்டம்) மைக்கில் மேடைக்கு அழைத்தார்கள். அவர் எழவில்லை. மறுபடி அழைத்தார்கள். முகம் சிவந்ததே தவிர எழவில்லை. மூன்றாவது அழைப்பில் மண்டபமே அடங்கிப்போயிற்று.

“சம்பந்தி கோவிச்சுக்கிட்டாரு போல,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“மால சரியா போடலயாம்,” என்று இன்னொரு குரல் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டது.

மேடையில் செல்வியின் கண்கள் கலங்கின. புகுந்த வீட்டில் காலெடுத்து வைக்கும் முன்பே மாமனார் கோபமா?

நான் ஓடினேன். (ஓடினேன் என்பது மரியாதைக்கு. வயிற்றை எக்கிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் போனேன். வழியில் நான்கு முதுகுகள், ஒரு தட்டு மீன் கறி.)

“மாமா, எதாச்சும் தப்பு நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க…”

“என்ன தப்பு? முன்னால மேச, பின்னால அடுத்த மேச நாற்காலி. எந்திரிக்க முடியல லா!” என்று என் காதில் சொன்னார். பிறகு உரக்க, “அந்த மைக்க இங்க அனுப்புங்க!” என்றார்.

மைக் கைமாறி வந்தது. (அதற்காக யாரும் எழ வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு நெருக்கம்.)

“எனக்குக் கோவம் இல்ல, வெளிய வர வழிதான் இல்ல. செல்வி, நீ எங்க வீட்டுப் பொண்ணு, அழக்கூடாது. கேக்க வெட்டி எனக்கு ஒரு துண்டு இப்படியே அனுப்பிவிடுங்க!”

மண்டபம் சிரித்து முடித்ததும், “மேச போட்டது யாரு?” என்று கேட்டார். எல்லா விரல்களும் என் பக்கம் திரும்பின.

“ரொம்ப அழகா இருக்கு தம்பி. நாங்கதான் வந்து உக்காந்து கெடுத்துட்டோம்.”

அவர் நினைத்திருந்தால் அந்த மூன்று அழைப்புகளை வைத்தே முப்பது வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். இதைவிடச் சின்னக் காரணத்துக்குப் பேச்சுவார்த்தை அறுந்த சம்பந்திகளை எனக்குத் தெரியும். அந்த மனிதர் ஒரு துண்டு கேக்கோடு முடித்துக்கொண்டார். செல்வி அங்கே நன்றாக இருக்கிறாள். நான் இன்னும் ஒழுங்காக ஒரு நன்றி சொல்லவில்லை. சொல்லவும் அவர் விடுவதில்லை.

போன தீபாவளிக்குச் சாஆவுக்குப் போனோம். கார் சத்தம் கேட்டும் அவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளே சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் இழுக்கும் ஓசை கேட்டது. அது நின்ற பிறகுதான் குரல் வந்தது:

“இப்ப வாங்க தம்பி.”