எல்லை தாண்டி வந்த ஸ்பானிஷ்

மதாம் மூசவு விடைத்தாளைக் கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் விழும்படி விட்டார்.

“அந்தெமே, இதை எந்த மொழியில எழுதினே?”

“ஸ்பானிஷ்லதான், மதாம்.”

“அப்படியா? ஸ்பெயின்காரங்க காதுக்குப் போகாம பாத்துக்கோ.”

வகுப்பு சிரித்தது. பெரிய வகுப்பு. பக்கத்துக் கட்டடம் வரை கேட்டது. அந்தெமே தாளை மடித்தாள். மறுபடி மடித்தாள். மேலும் மடிக்க முடியாதபோது கையில் வைத்து நசுக்கினாள்.

லிசே என்ற அந்த உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில் அவள் இரண்டாவது தடவையாக உட்கார்ந்திருந்தாள். மற்ற பாடங்களில் குறை இல்லை. பிரெஞ்சில் முன்வரிசை. ஸ்பானிஷ்தான் அவளைப் போன வருஷம் அமுக்கியது, இந்த வருஷமும் அமுக்கிக்கொண்டிருந்தது. கடைசித் தவணை வாய்மொழித் தேர்வில் இருபதுக்குப் பத்து வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். மூன்றாவது தடவை யாருக்கும் கிடையாது. அப்புறம் மரவள்ளித் தோட்டம், முதுகில் கூடை.

அப்பா எசோனோ எல்லையோர ஊரான பித்தாமின் கடைவீதியில் டயர் ஒட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

“ஸ்பானிஷுக்கா அழுவுறே?”

“அழல. கோவமா இருக்கேன்.”

“எல்லையைத் தாண்டினா எபெபியின். அங்க ஆட்டுக்குட்டிகூட ஸ்பானிஷ்லதான் கத்துது. சந்தைக்கு வர்றவன்ல ஒருத்தனைப் பிடிச்சிட்டு வரேன்.”

பிடித்துக்கொண்டு வந்தார். ஆளின் பெயர் சலுஸ்தியானோ. எபெபியினிலிருந்து ஒயின் பெட்டி கொண்டுவந்து விற்கிறவன். முப்பது வயதிருக்கும். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கையில் புது நோட்டு.

“எல்லாம் தெளிவா பேசிட்டியா?” என்று அம்மா மெங்கே கேட்டாள்.

“பேசாம கூட்டிட்டு வருவேனா?” என்றார் எசோனோ.

முதல் பாடம் அன்று நடக்கவில்லை. ஃபாங் இனத்தார் இரண்டு பேர் சந்தித்தால் குலம் கேட்காமல் பேச்சு நகராது. எசோனோ தன் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்களைச் சொன்னார். சலுஸ்தியானோவும் சொன்னான். பிறகு தாய்வழி வந்தது. அங்கேதான் வினை. அவனுடைய தாய் எசோனோவின் குலத்தில் பிறந்தவள்.

சலுஸ்தியானோ எழுந்து நின்றான். “மாமா” என்று எசோனோவைக் கட்டிக்கொண்டான். பிறகு அந்தெமேயின் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தான்.

“அம்மா.”

தாயின் குலத்தில் பிறந்த ஆண்கள் எல்லாரும் மாமா, பெண்கள் எல்லாரும் அம்மா. தவழுகிற குழந்தையாக இருந்தாலும் அம்மாதான். அந்தெமேவுக்கு அது தெரியும். இருந்தாலும் பல்லைக் கடித்தாள்.

மெங்கே கொல்லைப்பக்கம் போனாள். மாமன் வீட்டில் மருமகன் எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது, கேட்காமல் எடுத்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. அவள் முட்டையிடும் கோழிகளை ஒளித்து வைத்துவிட்டு வருவதற்குள் முன்வாசலில் குரல் கேட்டது.

“மாமா, அந்தச் சேவல் நல்லா இருக்கே.”

சேவலை அன்றே சாப்பிட்டார்கள்.

மறுநாள் அந்தெமே பாடப்புத்தகத்தைத் திறந்து ஒரு ஸ்பானிஷ் வரியில் விரலை வைத்தாள்.

“இதுக்கு என்ன அர்த்தம்?”

சலுஸ்தியானோ எட்டிப் பார்த்தான். “அது எனக்குத் தெரியும்மா. அடுத்ததுக்குப் போலாம்.”

“தெரியும்னா சொல்லுங்க.”

தங்கள் ஃபாங் மொழியில் சொன்னான். சொல்லிவிட்டு, “சரியா?” என்றான்.

“எனக்கு எப்படித் தெரியும்? இதை பிரெஞ்சுல எழுதிட்டுப் போகணும். இல்லன்னா மதாம் தோலை உரிச்சிடுவாங்க.”

அவன் முகம் மலர்ந்தது. “எழுதிடலாம்.”

நோட்டைத் திறந்து எழுதினான். நாக்கின் நுனி வெளியே நீண்டிருந்தது. அந்தெமே வாங்கிப் பார்த்தாள். அது பிரெஞ்சு இல்லை. பிரெஞ்சுக்கு நடந்த விபத்து. அதை அப்படியே மதாமிடம் காட்ட முடியாது. ஒவ்வொரு வரியாக அடித்துத் திருத்தினாள். ஏன் தப்பு என்று கேட்டான். சொன்னாள். மறுபடி எழுதினான். மறுபடி அடித்தாள். பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் மரவள்ளியும் நிலக்கடலைக் குழம்பும் வந்துவிட்டன. சலுஸ்தியானோ கையைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தான்.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

“அப்பா, இவருக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல. எதைக் கேட்டாலும் ‘எனக்குத் தெரியும்’ங்கறாரு.”

“தெரிஞ்சவனைத்தானே கூட்டிட்டு வந்தேன்.”

“அவருக்குத் தெரிஞ்சு எனக்கு என்ன?”

“இன்னும் நிறைய நேரம் உக்காரணும். தினமும் வரச் சொல்றேன்.”

தினமும் வந்தான். தினமும் சாப்பிட்டான். எசோனோவின் தொப்பி அவன் தலைக்குப் போயிற்று. மெங்கேயின் குடை போயிற்று. ரேடியோ போயிற்று. ஸ்பானிஷ் மட்டும் அவனிடமிருந்து இந்தப் பக்கம் வரவில்லை.

அடுத்த தேர்வுத் தாளை மதாம் மூசவு இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார்.

“போன தடவை இது ஸ்பானிஷ் மாதிரி இல்ல. இந்தத் தடவை எது மாதிரியும் இல்ல.”

அந்தெமே வீட்டுக்கு வந்து புத்தகப் பையை வீசினாள். “அவரை நிறுத்துங்கப்பா.”

“மருமகனையா? ஓயெம் டவுன் வரைக்கும் நம்ம குலத்தாளுங்க காறித் துப்புவாங்க.”

“நிறுத்த வேணாம்” என்றாள் மெங்கே. “கூண்டுல இன்னும் ரெண்டு கோழிதான். அதோட தானா நின்னுடுவான்.”

யாரும் உதவப்போவதில்லை என்று அந்தெமேவுக்குப் புரிந்தது. தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்று மாலை சலுஸ்தியானோ உட்கார்ந்ததும் மேசையைத் தட்டினாள்.

“இன்னையிலேருந்து இந்த மேசையில ஃபாங் பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட.”

“நானே கேக்கணும்னு இருந்தேன்மா. கோச்சுப்பீங்களோன்னு பயம்.”

அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். பணிவாக, கைகட்டி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு. ஃபாங்கை விட்டால் அவளுக்கு இருப்பது பிரெஞ்சு ஒன்றுதான்.

“சரி, ஆரம்பிங்க” என்றாள் பிரெஞ்சில்.

“சரி, ஆரம்பிங்க” என்றான் பிரெஞ்சில்.

“என்ன, நையாண்டியா?”

“என்ன, நையாண்டியா?” அவள் விரலை நீட்டிய மாதிரியே அவனும் விரலை நீட்டினான்.

புத்தகம் பறந்தது. சலுஸ்தியானோ எழுந்துபோய் எடுத்து, மண்ணைத் துடைத்து, அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. அவன் தின்ற கோழிகளைப் பற்றி, அடிக்கப்படப்போகும் தன் பெயரைப் பற்றி, அவன் மூளையின் அளவைப் பற்றிக் கத்தினாள். அவள் போட்ட சட்டம் அவளுக்கும்தானே. எல்லாம் பிரெஞ்சில். கோபத்தில் தனக்கு இவ்வளவு நல்ல பிரெஞ்சு வரும் என்று அவளுக்கே தெரியாது. அவன் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தான்.

அது வழக்கமாகிவிட்டது. நாள் முழுக்க மதாம் அவளைத் திட்டுவார். மாலையில் அவள் சலுஸ்தியானோவைத் திட்டுவாள்.

“பல்லுக்குள்ள முணுமுணுக்காதீங்க. வாயைத் திறங்க.”

திறந்தான்.

“இந்த வினைச்சொல் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? ஏன் அதைக் கொல்றீங்க?”

மன்னிப்புக் கேட்டான். எந்த வேளையிலும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் அவளை மேலும் எரித்தது.

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, மறுநாள் வர முடியாது என்று சொன்னான்.

“நாளைக்கா? நாளைக்கே வர மாட்டீங்களா?”

“கோவப்படாதீங்கம்மா. உங்க பேரைக் காப்பாத்துவேன்.”

“என் பேரை நான் காப்பாத்திக்கறேன். நீங்க போங்க.”

அவளால் காப்பாற்ற முடியவில்லை. மதாம் மூசவு ஒரு படத்தைக் காட்டினார். கடைகள், வாழைத்தார், மீன் விற்கும் பெண். ஸ்பானிஷில் விவரிக்க வேண்டும்.

“இது சந்தை” என்றாள் அந்தெமே. யோசித்தாள். “சந்தை பெரியது.” மேலும் யோசித்தாள். “இந்தச் சந்தை பெரிய சந்தை.”

“போதும். உள்ளே போகாம வாசலையே சுத்திட்டிருக்கே.”

நான்கு மதிப்பெண். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் மூன்றாம் ஆண்டுக்குப் போகிறவர்கள் பெயர்கள் இருந்தன, அவள் பெயர் இல்லை. இரண்டாம் ஆண்டிலேயே தங்குகிறவர்கள் பெயர்கள் இருந்தன, அதிலும் இல்லை.

செம்மண் சாலையில் வீட்டை நோக்கி நடந்தாள். மருமகன் வாசலில் இருந்தால் இன்று குலம் பார்க்கப்போவதில்லை. ஓயெம் என்ன, தலைநகரம் வரைக்கும் துப்பட்டும்.

சலுஸ்தியானோ வாசலில்தான் இருந்தான், அப்பாவின் தொப்பியோடு. பக்கத்தில் முதுகில் குழந்தையைக் கட்டிய ஒரு பெண், கையில் ஆட்டுக் கயிறு. பெஞ்சில் இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்று இளைஞர்கள். அம்மா அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. காற்றுப் போகாத ஒரு டயரில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

“பேரை அடிச்சிட்டாங்க” என்றாள் அந்தெமே சலுஸ்தியானோவின் முகத்துக்கு நேராக. பழக்கதோஷம், பிரெஞ்சில்தான் வந்தது. “என் படிப்பு முடிஞ்சுது. ஒரு கூண்டுக் கோழியைத் தின்னீங்களே, ஒரு வாக்கியம் சொல்லிக்குடுத்தீங்களா? எந்த முகத்தோட இங்க வந்து நிக்கறீங்க?”

பெஞ்சில் இருந்த மூன்று பேரும் அவசரமாக நோட்டைத் திறந்தார்கள்.

சலுஸ்தியானோவின் மனைவி ஆட்டுக் கயிற்றை அந்தெமேயின் கையில் கொடுத்தாள். “‘என் பொண்ணு பிரெஞ்சுல புலி, வந்து உக்காரு, உன்னைத் தேத்திடுவா’ன்னு மாமா சந்தையில சொன்னப்ப நான் நம்பல டீச்சரம்மா, இப்ப சரக்கு ஆபீஸ் வேலைக்கு வெச்ச பிரெஞ்சுப் பரீட்சையில இவர் பாஸ் பண்ணி வேலையும் கெடச்சாச்சு, இவங்க என் தம்பிங்க, இதே மாதிரி கோவமாவே சொல்லிக்குடுங்க.”