பொட்டு வைத்த அமெரிக்கச் செப்புக்காசு

பயந்த சுபாவம் உள்ளவனின் கையில் அருமையான பொருளைக் கொடுக்கக் கூடாது. தொலைத்துவிடுவான் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் அதைப் பாதுகாக்கத் தொடங்கிவிடுவான்.

நான் அந்த இனம். அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க, டண்டினோங் தாண்டிப் போன காரைத் திருப்பிக்கொண்டு நோபல் பார்க்கில் இருக்கும் வீட்டுக்கு வந்தவன். (அன்று அடுப்பு பழுதாகிக் கிடந்தது. அது நினைவுக்கு வந்தது வீட்டு வாசலில்தான்.)

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பழைய அமெரிக்கக் காசில் ஆசை பிடித்ததற்குக் காரணம் கிரகாம். என்னோடு பண்டகசாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். அமெரிக்கா தனி நாடான புதிதில் அடித்த பெரிய செப்புச் சதங்களைச் சேர்ப்பவர், அதுவும் அடிபட்டவற்றை மட்டும். துளை போட்டது, நெளிந்தது, யாரோ பெயர் கீறியது. “முழுசா இருக்கிறது பெட்டிக்குள்ள கிடந்த காசு. இதுகள்தான் சீவிச்ச காசுகள்” என்பார். (அவருடைய ஆங்கிலத்தை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.) இந்த நாட்டில் நான் எவ்வளவு படித்தேன் என்று கேட்காமல் என்னோடு கதைத்த முதல் மனிதர். எனக்கு இங்கே சிநேகிதர் என்று சொல்ல அவர் ஒருவர்தான்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. காயம் பழையதாக இருக்க வேண்டும். சேர்க்கிறவன் காசைக் கழுவுவதும் மினுக்குவதும் மகாபாவம். இருநூறு வருடத்துக்கு மேல் ஏறிய அந்தக் கபில நிறம், போனால் போனதுதான்.

கிளேட்டனில் நடக்கும் காசு சேர்ப்போர் கூட்டத்தில் ஒருமுறை என்னைப் பேசச் சொன்னார்கள். காட்டிப் பேசுவதற்குத் தன்னிடம் இருந்ததிலேயே பழைய காசைக் கிரகாம் தந்துவிட்டார். தலையை விரித்துப் போட்ட ஒரு பெண்ணின் முகம். உச்சிக்கு மேலே, யாரோ கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட துளை. அவருடைய தகப்பன் வைத்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அரிசி வாளிக்குள் வைத்தேன். அரிசியோடு சேர்த்து அவித்துவிடுவார்களோ என்று எடுத்தேன். கோட்டுப் பையில் வைத்தேன். கோட்டைத் தோய்த்துவிடுவார்களோ என்று எடுத்தேன்.

என் மனைவி வசந்திக்குப் பொறுக்கவில்லை. “நாளைக்குச் சரஸ்வதி பூசைதானே. சாமியிட்ட வையுங்கோவன். உங்களுக்கும் காசில இருக்கிற அவவுக்கும் ஒரு நாளைக்கு நிம்மதி.”

வைத்தேன். மகளின் மடிக்கணினி, என் ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸ், பக்கத்தில் கிரகாமின் காசு. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் அருள் போய்ச் சேருமோ என்று சந்தேகம் வந்தது. வெளியே எடுத்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் காசில் இருக்கும் இவளுக்கு மட்டும் வைக்காமல் விட்டால் குறையாகிவிடுமே என்று, பன்னீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் அவள் நெற்றியிலும் வைத்தேன். மறுநாள் பூசை முடியும் வரை தொடக் கூடாது. தொடவில்லை. பக்தியாக இருந்தேன்.

பூசை முடிந்து பார்த்தால் குங்குமம் நெற்றியிலிருந்து மூக்குக்கு வழிந்து காய்ந்திருந்தது. அடிபட்டவள் மாதிரி இருந்தாள். துணியால் துடைத்தேன், சிவப்பு கன்னத்துக்குப் போனது. குத்துவிளக்கு மினுக்கிய மிச்சப் புளி குசினியில் இருந்தது. ஒரு பொட்டளவு தொட்டுத் தேய்த்தேன். சிவப்பு போய்விட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் பளபளத்தது. அதோடு சமமாக்க மற்ற இடத்தையும் தேய்த்தேன். (கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே தலைமயிர் வெட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் புரியும்.)

மகள் அபி எட்டிப் பார்த்தாள். “அப்பா, இட் லுக்ஸ் பிராண்ட் நியூ.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் கூட்டத்துக்கு ஏற்றிப்போகக் கிரகாம் வந்தார். கையை நீட்டிக் காசைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். ஒரு சிநேகிதத்தை இழக்கும்போது எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“என்ன போட்டனீ?”

“புளி.”

“கறிக்குப் போடுற புளியோ?”

“ஓம். அதுக்கு முதல் சந்தனம். பூசைக்கு வைச்சனான்.”

“என்னெண்டு கும்பிட்டனீ?”

“உங்கட காசுக்கு ஒண்டும் நடக்கக் கூடாதெண்டு.”

கிரகாம் வாசற்படியில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய மனிதரை அழவைத்துவிட்டேன் என்று தண்ணீர் எடுக்க ஓடினேன். செம்போடு வந்தபோதுதான் தெரிந்தது, மனிதர் மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்து முடிந்த பிறகு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பழைய நிறம் வர இன்னும் நூறு வருசம் வேணும். நீயும் நானும் பாக்கமாட்டம்” என்றார் மெதுவாக. பிறகு என் தோளைப் பிடித்து எழும்பினார். “வா, நேரமாகுது. நீ பேச வேணும்.”

இப்போதெல்லாம் சரஸ்வதி பூசைக்கு அவர்தான் எங்கள் முதல் விருந்தாளி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு முன்னால் இருந்து, கடலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார். நான் சந்தனக் கிண்ணத்தோடு கிட்டப் போனதும், “கிரகாம் அங்கிள், பொக்கெட்” என்று அபி எச்சரிப்பாள். அவர் நெற்றியை என் பக்கம் நீட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் காற்சட்டைப் பையைப் பொத்திக்கொள்வார்.