மகள் சார்பாக

“உங்க மகளுக்கு எங்ககிட்ட என்ன பிடிக்கல?” என்று டாக்டரம்மா கேட்டதும் பல்செட்காரர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார்.

இளையவர்களுக்கான மனநலப் பிரிவு அது. சிகிச்சையை இன்னும் நல்லபடியாகச் செய்ய, அங்கே வரும் பிள்ளைகளிடமும் வீட்டாரிடமும் யோசனை கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காலையில் கூட்டம், பெற்றோருக்கு மாலையில்.

பல்செட்காரர் தன் பல் கட்டும் கடையை மூடிவிட்டு மகளை இரண்டு முறை சிகிச்சைக்குக் கூட்டிவந்தார். பிறகு, “இனிமே வரலப்பா” என்று அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் பேச்சென்று மிஞ்சியது கதவு வழியாகத்தான்.

“சாப்டியா?”

“ம்.”

இதை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன சொல்வார்? தெரியாது என்றால், பெற்ற பெண்ணைப் பற்றியே தெரியாதவர் என்று கூடியிருந்த பெற்றோர் நினைப்பார்களே.

“நாற்காலிதாங்க” என்றார். “குத்துதாம்.”

அடுத்த கூட்டத்தில் நாற்காலிகளைக் காணோம். மெத்மெத்தென்று மூட்டை மாதிரி இருக்கைகள் கிடந்தன. ஒரு பையனின் அம்மா உட்கார்ந்தார்; இடுப்புவரை புதைந்தார். இரண்டு நர்ஸ்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

“எந்தப் புண்ணியவான் இந்த யோசனையைக் குடுத்தது?” என்று அவர் மூச்சு வாங்கினார்.

பல்செட்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார்.

“உங்க பொண்ணுக்கு இது பிடிக்குமா?” என்றார் டாக்டரம்மா.

“ரொம்ப பிடிக்கும். நாற்காலியைக்கூட அவ பொறுத்துப்பா. அந்தக் கடிகாரச் சத்தம்தான்...”

கடிகாரத்தைக் கழற்றினார்கள். அதற்கப்புறம் யாருக்கு எப்போது முறை என்றே தெரியவில்லை. வராந்தாவில் அப்பாக்கள் சட்டையைப் பிடிக்காத குறை.

“அடுத்து என் பையன்!”

“அதெப்படி? நாங்க எப்போ வந்தோம் தெரியுமா?”

“எப்போ வந்தீங்க, சொல்லுங்க பாப்போம்!”

அந்த வாரக் கூட்டத்தில் டாக்டரம்மா சொன்னார்: “சுத்தி வளைக்க வேணாம். அவகிட்டயே கேட்டுடலாம்.”

பல்செட்காரர் அவசரமாக எழுந்தார். “நேர்ல வரமாட்டா டாக்டர். வீடு அடுத்த தெருதான். நான் போய் ஃபோனைக் குடுக்கறேன், பேசுவா.”

வீட்டுக்குப் போய் என்ன பிரயோஜனம்? கதவு திறக்கப்போவதில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் பாதி இறங்கி, திருப்பத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“ஹலோ... நான்தான் பேசறேன், ஆன்ட்டி.”

பொறியில் மாட்டிய எலியின் குரல். மறுமுனையில் யாரோ இருமினார்கள்.

“சொல்லும்மா. உனக்கு என்ன கஷ்டம்?”

சுவர் நிறம், மின்விசிறி என்று இரண்டு மூன்று குறைகளைத் தயாராக வைத்திருந்தார். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

“வீட்ல யாரும் பேசறதில்ல, ஆன்ட்டி.”

“அப்பா?”

“அவர் கடைக்குப் போவார், வருவார். ஊர்ல உள்ள வாய்க்கெல்லாம் பல்லு கட்டுவார். வீட்டுக்கு வந்தா அவர் வாய் திறக்காது.”

“ஏன்?”

“திறந்தா என்ன வருமோன்னு பயம். அம்மா புடவை இன்னும் கொடியிலேயே கிடக்கு. எடுத்து மடிச்சா, அவ நெஜமாவே போயிட்டான்னு ஆயிடும். குழாயைத் திறந்துவிட்டுட்டுதான் அழறது. பொண்ணுக்குக் கேட்டுடக் கூடாதுல்ல...”

மூக்கிலிருந்து கை எப்போது நழுவியதென்று அவருக்கே தெரியாது. சொந்தக் குரலில், வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். மாடிப்படி முழுக்க அது எதிரொலித்தது. நிமிர்ந்து பார்த்தால், மேலே கதவைத் திறந்துகொண்டு கூட்டமே நின்றது. மூட்டையில் புதைந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

“பொண்ணுக்கு... தொண்டை கட்டியிருக்கு. அதான் குரல் இப்படி...” என்றார் பல்செட்காரர்.

வரவேற்பு மேஜைப் பெண் ஒரு டம்ளர் தண்ணீரோடு இறங்கிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குடிங்க சார். நீங்க கடைக்குப் போனதும் உங்க பொண்ணு காலைக் கூட்டத்துக்குத் தவறாம வந்துக்கிட்டுதான் இருக்கா. பெத்தவங்களுக்கும் ஒரு கூட்டம் போடுங்கன்னு சொன்னதே அவதான்: ‘எங்கப்பா வைத்தியத்துக்குன்னா வரமாட்டார், மீட்டிங்னு கூப்பிட்டா வந்துடுவார்’னு.”