எக்ஸ்ரே மாமா

வலிக்கிறது என்று கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? சொல்லி முடிக்கும் முன்பே அவர் "அது ஒண்ணுமில்ல" என்றாரா? அப்படியானால் இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். படிக்காமலே பட்டம் பெற்ற வைத்தியர் இவர். தகுதி, கைராசி. அதையும் அவரே தமக்கு வழங்கிக்கொண்டார்.

மாதிரிக்கு ஒருவர்: ஆணியும் கதவுக் கீலும் விற்கும் இரும்புக்கடைக்காரர். யார் வீட்டில் யார் படுத்தாலும் முதல் ஆளாகப் போய் நின்று, எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி "ம்" என்பார். உறவினர் வைத்த பெயர் எக்ஸ்ரே மாமா. படம் தலைகீழாக இருந்தாலும் அந்த "ம்" மாறாது.

அவருடைய மச்சினி தையற்காரி. அவள் மிஷின் மிதித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அவளுக்கு முழங்கால் வலி. செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை. மாமா வந்தார், முழங்காலை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வாயுதாம்மா. மூட்டுல போய் அடைஞ்சிருக்கு. எண்ணெய் தரேன், தேய்."

"டாக்டர்கிட்ட காட்டிடலாமா மாமா?"

"அவன் கத்தியத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். பொம்பளைன்னா நாலு வலி இருக்கத்தான் செய்யும்."

ஆண் விரலில் முள் குத்தினால் அது நோய். பெண் நொண்டி நடந்தால் அது இயற்கை. இந்தச் சட்டத்தை எழுதியவனுக்கு இடுப்பு வலித்ததே இல்லை போலும்.

தேய்த்தாள். முழங்கால் பளபளத்தது, வலி அப்படியே இருந்தது. எண்ணெய்க்குப் பின் முழங்காலில் கட்டும் பட்டை, பட்டைக்குப் பின் பேரில்லாத ஒரு பொடி. ஒருநாள் மிஷினை விட்டு எழ முடியாமல் அவள் சரிந்தபோது, பஸ் ஓட்டும் கணவர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா முழங்காலோடு நிற்கவில்லை. படுக்கவைத்து, காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். அலறல் கிளம்பியது.

"வலி தெரியறது முழங்கால்ல, கோளாறு இடுப்புல. தொடையெலும்போட மேல்முனையில இருக்கற பந்துக்கு ரத்தம் போகாம மக்கி அமுங்கிடுச்சு. ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்து, பயிற்சி, கைத்தடின்னு பாத்திருக்கலாம். பந்துல துளை போட்டு அழுத்தத்தக் குறைச்சிருக்கலாம். இப்ப மூட்டு மாத்தறதுதான் வழி. மாத்தினா மறுபடி தைக்கலாம். ஆமா, நீங்க சொன்ன அந்தப் பொடியில என்ன இருந்துச்சு?"

யாருக்கும் தெரியாது. மாமாவுக்கும்தான். ஸ்டீராய்டு கலந்திருந்தால் அது எரிகிற வீட்டில் ஊற்றிய எண்ணெய் என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் நாளன்று வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் மாமா வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த இனத்தின் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இதே ஆபரேஷனுக்குப் படுத்தார். எந்திரிக்கவே இல்ல."

அந்த ஒருத்தருக்குப் பேர் கிடையாது, தெரு கிடையாது. ஆனால் எல்லா ஊரிலும் ஆபரேஷனுக்குப் படுத்து எழுந்திருக்காமல் போகிறவர் அவரே. கணவர் பையைக் கீழே வைத்தார். "மாமா சொல்றாரே, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமா?"

அவள் மிஷினைப் பார்த்தாள். தூசு படிந்திருந்தது.

"மாமா, ஒருத்தர் உடைஞ்ச கீலோட உங்க கடைக்கு வந்தா, எண்ணெய் குடுத்து அனுப்புவீங்களா?"

"அதெப்படி, புதுசுதான் போடணும்."

"டாக்டரம்மாவும் அதத்தான் சொல்றாங்க." கணவரிடம் திரும்பினாள். "பைய எடுங்க."

ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் வராந்தாவில் அடியெடுத்து வைத்தாள். பழைய குத்தல் இல்லை. கோடியில் ஜன்னலோரம் கேட்டுப் பழகிய குரல். முன்பின் அறியாத ஒருவரின் எக்ஸ்ரே படம் மாமாவின் கையில் இருந்தது.

"அந்தா நடக்குது பாருங்க, நம்ம மச்சினி. ஆபரேஷன் பண்ணிக்கோன்னு நான்தான் தைரியம் சொன்னேன். உங்களுக்கு... ம். வாயு. எண்ணெய் ஒண்ணு தரேன்."

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். தையற்காரிக்கு முழங்கால் வலி என்று படித்தவுடன் உங்கள் நாக்கு நுனியில் ஒரு தைலத்தின் பெயர் வந்து நின்றதா, இல்லையா?

அதை விழுங்கிவிடுங்கள். விழுங்கிவிட்டு, உங்கள் வீட்டில் நொண்டுகிறவரை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போகிற வழியில் "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.