எங்கள் கட்டிலில் கண்டக்டரின் தண்ணீர்த் தொட்டி

என் செல்ல மகளுக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதும் கடிதம்.

இந்த எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. தாளில் கோடு நேராகத்தான் இருக்கிறது. எழுத்துகள்தான் அதன் மேல் நிற்க மறுக்கின்றன. ஒரு 'ணை' போட்டு முடிப்பதற்குள் கை நோகிறது. மாலை வகுப்பு டீச்சரம்மா போன மாதம்தான் என்னை இரண்டாம் புத்தகத்துக்கு மாற்றினார், அதனால் பொறுத்துப் படி. நாங்கள் இருவரும் முழுசாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

இங்கே சுழல்காற்று அடித்தது உனக்குத் தெரியும். யானைத் தும்பிக்கை மாதிரி வானத்திலிருந்து இறங்கி, நம் தெருவைத் துழாவிவிட்டுப் போய்விட்டது. குளியலறைக்குள் ஒடுங்கியிருந்த நாங்கள் வெளியே வந்து பார்த்தால், படுக்கையறைக் கூரையில் வானம் தெரிகிறது, கட்டில் மேல் எதிர்வீட்டுக் கண்டக்டரின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், உனக்குத் தெரியுமே, அவர்தான். அவர் வீட்டில் போனது அந்தத் தொட்டி மட்டும். ஓர் ஓடுகூட நகரவில்லை. சரி, தொட்டியிலாவது ஒரு கீறல் உண்டா என்றால் அதுவும் இல்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில், கண்டக்டரை நிற்கவைத்துப் படம் பிடித்தார். என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே, உங்க நிழல் விழுது" என்றார். மறுநாள் படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'பறந்த தொட்டியுடன் அதன் உரிமையாளர்.' கட்டிலின் உரிமையாளரைப் பற்றி ஒரு புள்ளிகூட இல்லை.

அது போகட்டும். 'சுழல்காற்றுக்குப் பின் வீட்டு உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை' என்று வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார்கள். என் பெயரே போட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. கண்டக்டர் அதை டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் வாசலிலேயே படித்து முடித்துவிட்டு, "அண்ணே, நான் பாத்துட்டேன். என்ன செய்யணும்னு சொல்லட்டா?" என்றார். அப்போது உன் அம்மா அவரைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்! எனக்கு வயிறு எரிந்தது. "ஒண்ணும் வேணாம். எனக்கும் கண்ணு இருக்கு" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஒரு வரி. படித்து, செய்து முடித்த பிறகுதான் அடுத்தது. 'கேஸை மூடுங்கள்' என்றிருந்தது, மூடினேன். திறக்கச் சொல்லி அந்த வரியில் இல்லை. உன் அம்மா, "அப்ப சோறு?" என்றாள். "அது பின்னால வரும், பொறு" என்றேன். 'கனமான காலணி இல்லாமல் வீட்டுக்குள் நடக்காதீர்கள்' என்றிருந்தது; பூட்ஸோடு அடுப்படிக்குப் போனேன், அதற்கும் திட்டு. அடுத்து, 'தொங்கும் கம்பிகளை நெருங்காதீர்கள்.' கொல்லைக் கதவை அடைத்துப் பலகை வைத்தேன்.

"அது நான் துணி காயப்போடற கொடிங்க! நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அங்கதான் தொங்குது."

"கம்பியா இல்லையா?"

"கம்பிதான்."

"தொங்குதா இல்லையா?"

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் மறுநாள் வந்த வரிதான் வினையாகிவிட்டது. 'சேதத்தைப் படம் எடுக்கும்வரை எதையும் அகற்றாதீர்கள்.' கண்டக்டர் வந்து, "அதான் பேப்பர்காரர் எடுத்துட்டாரேண்ணே, தொட்டிய இறக்கிடலாமா?" என்றார். "அவர் எடுத்தது உங்க பெருமைய. என் சேதத்த இன்னும் யாரும் எடுக்கல" என்றேன். உன் அம்மா, "நான் எங்கதான் படுக்கறது?" என்றாள். தாளைக் காட்டினேன். "அந்தத் தாளையே விரிச்சுப் படுத்துக்குங்க" என்று தலையணையோடு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். கண்டக்டர் சம்சாரம் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனாள். இப்போது தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று, "நல்லாக் காலை நீட்டித் தூங்கினேன். கண்டக்டர் அண்ணனே டீ போட்டுக் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நான் என்றைக்காவது டீ போட்டேனா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் கேட்ட மாதிரியே இருக்கிறது. அந்த மனிதர் பெரிய சூழ்ச்சிக்காரர். காற்றுக்கு வழி காட்டியவரே அவர்தானோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம். நீ உடனே புறப்பட்டு வா. அவள் இங்கே வராவிட்டாலும் பரவாயில்லை, உன்னோடாவது கூட்டிக்கொண்டு போ. அந்த வீட்டில் மட்டும் அவள் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளின் தலையை என் பேர் சொல்லித் தடவிக்கொடு. நீங்கள் எல்லோரும் ஒழுகாத கூரைக்குக் கீழே நீடூழி வாழ வேண்டும். எழுத்தின் ருசி கண்டுவிட்டேன். அடுத்த வாரமும் தபால்காரர் உன் வாசலில் நிற்பார்.

உன் அப்பா.

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது வானம் கறுத்துவிட்டது. பதறிப்போய் மிச்ச வரிகளை ஒரே மூச்சில் படித்தேன். படத்தை நாமே கைபேசியில் எடுத்துக்கொள்ளலாமாம்; யாருக்காகவும் காத்திருக்க வேண்டாமாம். மழைக்கு முன் கூரையைத் தார்ப்பாயால் மூட வேண்டுமாம். கடைசி வரி: 'தனியாகக் கூரை மேல் ஏறாதீர்கள், அக்கம்பக்கத்தாரை அழையுங்கள்.' அதைத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் கண்டக்டர்தான் வந்தார். பூட்ஸைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அவர் தார்ப்பாயும் கயிறுமாக வாசலிலேயே நின்றிருந்தார். "அன்னிக்கே வாங்கி வெச்சுட்டேண்ணே. நீங்க அந்த வரிக்கு வரட்டும்னுதான் காத்துட்டு இருந்தேன்" என்றார். அவரும் அவர் மருமகனும் மேலே ஏறி விரித்தார்கள், நான் ஏணியைப் பிடித்தேன், உன் அம்மா கீழேயிருந்து கயிற்றை இழுத்துக் கட்டினாள். தொட்டி போய்விட்டது. தலையணை வந்துவிட்டது. மேலே அவரைச் சூழ்ச்சிக்காரர் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை அடித்துவிடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த ஒரு சொல்லை எழுத ஒரு சாயங்காலமே போனது, அதில் 'ழ்' வேறு அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது. மனசு வரவில்லை. அந்த இடத்தில் மட்டும் எழுத்தைப் பார், படிக்காதே.