நாற்பத்தாறு தப்படி

12.5.2025, திங்கள். நேற்று எழுதியதில் ஒரு பிழை. போளூர் பஸ் நம் வண்டியிலிருந்து நாற்பது தப்படி தள்ளி நிற்கிறது என்று எழுதியிருந்தேன். இன்று நடந்து எண்ணினேன். நாற்பத்தாறு. என் தப்படி சின்னது. ஆகவே இதுவும் தப்பாக இருக்கலாம்.

பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்காகச் செவ்வந்தி போய்வரும் மாலை வகுப்பில் தினமும் ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். அன்றைய பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் வேலையைக் குறிக்க வேண்டும். மற்றவர்கள் பிழை கிடைக்காமல் திண்டாடினார்கள். செவ்வந்திக்கு அந்தக் கவலை இருந்ததே இல்லை.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் அவள் அம்மா ஜெயம்மாளுக்கு ஒரு போண்டா வண்டி. காலை பத்தேகாலுக்குப் போளூர் பஸ் மலையேறி வந்து, வண்டிக்கு நேராகப் பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடம்தான் அவர்கள் வியாபாரம். டிரைவர் வேடியப்பன் முதல் ஆளாக இறங்கி, ஆறு போண்டா உள்ளே போன பிறகுதான் ஊர் நிலவரம் கேட்பார். அவர் தின்கிற அழகைப் பார்த்தே பாதி பஸ் இறங்கிவரும்.

போன வாரம் தெருவை அகலப்படுத்தி, ஓரமாக வெள்ளைக்கோடு போட்டு, கோட்டுக்குள் கார் நிறுத்தலாம் என்று பலகை நட்டார்கள். அதே வாரம் பஸ் தள்ளிப்போய் நிற்க ஆரம்பித்தது. விட்டுவிட்டுக் கிளம்பிவிடுமோ என்ற பயத்தில் பயணிகள் யாரும் அவ்வளவு தூரம் நடந்து வரவில்லை.

"பஸ்சு நிக்கிற எடத்துல காரு நின்னா அது இன்னா பண்ணும்?" என்றாள் ஜெயம்மாள். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்பறம் வண்டிய வித்துட்டுத் திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போவ வேண்டியதுதான்."

"அப்ப என் பரீட்ச?"

"அத பஸ்சக் கேளு."

செவ்வந்தி முறைப்படி யோசித்தாள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இரண்டு காலி எண்ணெய் டின்களைக் கோட்டின் மேல் வைத்து, நடுவே கயிறு கட்டிவிட்டாள். கார்கள் ஒழிந்தன. அருவி பார்க்க வந்து, காரை நிறுத்திய கையோடு வாசனையில் மயங்கி இரண்டு தட்டு வாங்கியவர்களும் காரோடு ஒழிந்தார்கள். இடம் மைதானம் மாதிரிக் காலியாகக் கிடந்தும் பஸ் திரும்பவில்லை. கார்க்காரருக்கும் வாய் உண்டு என்பதை எண்ணாமல் போனது அன்றைய பிழை.

பஸ் வராவிட்டால் பஸ்சிடம் போவது என்று முடிவாயிற்று. புதன்கிழமை அம்மாவும் மகளும் வண்டியை நாற்பத்தாறு தப்படியும் தள்ளிக்கொண்டு போனார்கள். தன் கடைக்கு வரும் பைக்கெல்லாம் எங்கே நிற்கும் என்று அங்கிருந்த பஞ்சர் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். நான்கு போண்டா கொடுத்து அவரை உட்கார வைத்தார்கள்.

பஸ் வந்தது. வேகம் குறைந்தது. வேடியப்பன் வண்டியைப் பார்த்தார். சட்டென்று தோளில் கிடந்த துண்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு கியரை மாற்றினார். பஸ் பால் சொசைட்டி வாசலில் போய் நின்றது. தூசி தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று செவ்வந்தி எழுதிக்கொண்டாள். தூசி கண்ணில் படவில்லை என்பதையும் நேர்மையாக அடைப்புக்குறிக்குள் சேர்த்தாள்.

பாதையெல்லாம் மாறிப்போனதில் வண்டி இருக்கும் இடமே பயணிகளுக்குத் தெரியவில்லை என்று அடுத்து அவளுக்குத் தோன்றியது. வியாழக்கிழமை வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, பஞ்சர் கடையில் இன்னும் நான்கு போண்டாவுக்குக் கரண்ட் வாங்கி, கொதிக்கும் சட்டிக்குப் பின்னால் வைத்தாள். வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிகிற வாசனை தெருவை அடைத்துக்கொண்டு போனது. அன்று பஸ் பால் சொசைட்டியிலும் நிற்கவில்லை. பெட்ரோல் பங்க் தாண்டிப் போய் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தவர்கள் வெள்ளைக்கோடு போட்டவனின் மூன்று தலைமுறையையும் இழுத்தார்கள்.

மிச்சம் மனுதான். தப்படிக் கணக்கோடு, வரைபடத்தோடு, வெள்ளைக்கோட்டை அழிக்கச் சொல்லி இரண்டு பக்கம் எழுதினாள். முதல் கையெழுத்து பஸ்காரர்களுடையதாக இருந்தால் எடுபடும் என்று, வெள்ளிக்கிழமை பெட்ரோல் பங்க் வரை ஓடிப்போய்க் கண்டக்டர் இளவரசனிடம் நீட்டினாள். அவர் கடைசி வரி வரை படித்தார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவர் டீக்கடைப் பக்கம் இருப்பதை உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கோட்டுக்கும் இதுக்கும் இன்னா பாப்பா சம்பந்தம்? வேடியப்பண்ணனுக்கு சுகரு முந்நூறு. போண்டா வாசன வராத எடமாப் பாத்து நிறுத்த வைக்கணும்னு அவுரு வூட்டம்மா என்னாண்ட சத்தியம் வாங்கிகினாங்க."

16.5.2025, வெள்ளி. இன்றைய பிழை: வெள்ளைக்கோடு. நாளைய வேலை: டின்களை எடுக்க வேண்டும். வண்டியைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும். பத்து மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்து, ஃபேனை அதன் பின்னால் வைக்க வேண்டும். டிரைவர் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகே போண்டாச் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டும்.